அது குடிசை, இது சரித்திரமா? சேரங்கோடு வட்டாரப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆசிரியர்களுக்கு,

உங்களில் பலர் எனக்கு முகம் தெரிந்தவர்கள். கொளப்பள்ளியில் பஸ் ஏறும்போது பார்த்துக்கொள்கிறோம், அய்யன்கொல்லியில் இறங்கும்போது பேசிக்கொள்கிறோம். ரோட்டில் யானை நிற்கிறது என்று கேள்விப்பட்டு, ஒரே டீக்கடையில் ஒரு மணி நேரம் சேர்ந்து காத்துக் கிடந்திருக்கிறோம். நானும் 31 வருடம் சாக்பீஸ் பிடித்தவள். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன். தலைமை ஆசிரியர் அறையில் சொல்லிவிட்டுப் போகிற விஷயமாக இது எனக்குத் தோன்றவில்லை. உங்கள் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் கேட்க வேண்டும்.

போன வருடம் நம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் கண்காட்சி வைத்தார்கள். எந்தப் பள்ளி என்பது வேண்டாம். பெரிய வகுப்புப் பிள்ளைகள் பழைய ஐரோப்பாவில் வாழ்ந்த கெல்ட்டியரின் வீடு ஒன்றைச் செய்து வைத்திருந்தார்கள். மூங்கிலைப் பிளந்து தட்டி முடைந்து, செம்மண் குழைத்துப் பூசி, மேலே கூம்பாகப் புல் வேய்ந்த வட்ட வீடு. உள்ளே நடுவில் அடுப்பு, அடுப்புக்கு மேல் தொங்குகிற கொப்பரை, மூலையில் ஒரு திரிகை. உண்மையாகவே நல்ல வேலை. ஆறாம் வகுப்புப் படிக்கிற ஒரு பணியர் பழங்குடி வீட்டுப் பையன் அதன் முன்னால் குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சுவரைத் தொட்டுவிட்டுச் சொன்னான்: “இதுல சாணி சேக்கல. சேக்காட்டி வெடிச்சிரும். எங்க தாத்தா இப்பிடித்தான் சுவரு வெப்பாரு.” பக்கத்தில் நின்ற ஆசிரியர் கோபமாகக்கூடச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார்: “தம்பி, உங்களுது குடிசை. இது சரித்திரம். தள்ளி நில்லு, பின்னாடி இருக்கிறவங்க பாக்கணும்.”

பையன் தள்ளி நின்றான். நான் ஒன்றும் பேசாமல் நின்றேன். அன்று பேசாததைத்தான் இப்போது எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. அந்தப் பையன் சொன்னது சரி. இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் இரண்டாயிரம் வருடங்களுக்கு முன்னால் வட்ட வீடு கட்டியவர்கள், மிலாறு முடைந்த சுவரில் வெறும் களிமண்ணை அப்பவில்லை. வைக்கோலும் சாணியும் கலந்துதான் பூசினார்கள். காரணமும் அவன் சொன்னதுதான், காய்ந்தால் வெடிக்கும். அந்த அறையில் இருந்தவர்களில் கெல்ட்டியரின் சுவரைப் பற்றி நன்றாகத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். அவனைத்தான் நாம் தள்ளி நிற்கச் சொன்னோம்.

கெல்ட்டியரைப் பற்றிப் பாடம் நடத்தும்போது அவர்களுடைய படையெடுப்பிலிருந்து தொடங்குகிறோம். அதுவும் நடந்ததுதான். உறவுள்ள மொழிகளைப் பேசிய எத்தனையோ குடிகளைக் கிரேக்கர்கள் ‘கெல்டாய்’ என்றார்கள், ரோமானியர்கள் ‘கால்’ என்றார்கள். ஐரோப்பாவின் நடுவிலிருந்து மேற்கே அயர்லாந்து, ஸ்பெயின் வரை அந்த மொழிகள் பேசப்பட்டன. கி.மு. 390 வாக்கில் ஒரு கூட்டம் ரோம் நகரத்தையே சூறையாடியது. கி.மு. 279இல் இன்னொரு கூட்டம் கிரேக்கத்தின் டெல்பி வரை போனது. அடுத்த வருடம் ஒரு பிரிவு கடல் தாண்டி, இன்றைக்குத் துருக்கி இருக்கிற இடத்தின் நடுவில் குடியேறியது. அந்த நாட்டுக்குக் கலாத்தியா என்று பெயர் வந்தது. நம் தோட்டத்துச் சர்ச்சுகளில் ஞாயிற்றுக்கிழமை வாசிக்கிற கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தின் பெயருக்கு மூலம் அதுதான். பிரான்சின் தலைநகரம் பாரிஸ் என்று அழைக்கப்படுவது பாரிசி என்ற கெல்ட்டியக் குடியால். இதையெல்லாம் வரைபடத்தில் அம்புக்குறி போட்டுக் காட்டிவிடலாம்.

அம்புக்குறிக்குள் மனுசர்கள் எப்படி இருந்தார்கள் என்பதைக் காட்டத்தான் உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஆஸ்திரியாவில் மலைமேல் ஹால்ஸ்டாட் என்று ஒரு சின்ன ஊர். அங்கே உப்புச் சுரங்கம். நம் ஊருக்கு உப்பு கடலிலிருந்து வருகிறது, அங்கே மலையின் வயிற்றுக்குள்ளிருந்து வெட்டி எடுத்தார்கள். 1846 முதல் 1863 வரை ராம்சாவர் என்ற சுரங்க அதிகாரி அங்கே 980 கல்லறைகளைத் தோண்டி, ஒவ்வொன்றையும் படம் வரைந்து குறித்துவைத்தார். கல்லறையைவிடச் சுரங்கம்தான் என்னை அசைத்தது. உப்பு எதையும் அழுகவிடாது. அதனால் 2,500 வருடங்களுக்கு முன்னால் அங்கே இறங்கிய தொழிலாளியின் தோல் கூடை கிடைத்திருக்கிறது, சாயம் ஏற்றிய துணித்துண்டு கிடைத்திருக்கிறது, வெளிச்சத்துக்குக் கொளுத்திய குச்சிகள் ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. அவர்கள் உள்ளேயே கழித்த மலம்கூடக் கிடைத்திருக்கிறது. அதை ஆராய்ந்துதான் அவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று கண்டுபிடித்தார்கள். வாற்கோதுமை, சிறுதானியம், அவரை வகை, கொஞ்சம் பன்றிக்கறி எல்லாம் ஒன்றாகப் போட்டுக் கொதிக்கவைத்த கஞ்சி. வேலைக்கு நடுவில், இருட்டில், ஒரே சட்டியிலிருந்து எடுத்துக் குடித்திருப்பார்கள்.

அதே ஆஸ்திரியாவில் டூர்ன்பெர்க் என்ற இன்னொரு உப்புச் சுரங்கத்தில் 2023இல் ஒரு குழந்தையின் தோல் செருப்பு கிடைத்தது. இரண்டாயிரம் வருடங்களுக்கு மேல் பழையது. அதைக் கட்டுகிற ஆளிநார்க் கயிறுகூட அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு என்னால் கொஞ்ச நேரம் எழுந்திருக்க முடியவில்லை. நான் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். அம்மா கொழுந்து எடுக்கப் போகும்போது காலில் அட்டை ஏறாமலிருக்கப் புகையிலையும் உப்பும் தேய்த்துவிட்டுப் பின்னாலேயே ஓடுவேன். செருப்பு கிடையாது. சுரங்கத்துக்குள் இறங்கிய அந்தப் பிள்ளைக்காவது யாரோ ஒரு சோடி தைத்துக் கொடுத்திருக்கிறார்கள் என்று தோன்றியது. ஒரு பழங்காலத்து மக்களைப் பற்றி நான் படித்த எந்தப் பாடமும் அந்தச் செருப்பைப் போல என்னைத் தொட்டதில்லை. உங்கள் வகுப்பில் இருக்கிற பிள்ளைகளையும் அது தொடும்.

இனிமேல்தான் நான் சொல்ல வந்தது. கெல்ட்டியர் தங்களைப் பற்றித் தாங்களே எழுதிவைத்தது மிகக் குறைவு. துரூயிது என்ற அவர்களுடைய பூசாரிகள் பாட்டையும் சட்டத்தையும் வானக் கணக்கையும் மனப்பாடமாகவே வைத்திருந்தார்கள், அதைக் கற்றுக்கொள்ள 20 வருடம்கூட ஆகும் என்று சீசர் எழுதுகிறார். எழுதுவது யார் என்று பாருங்கள். கி.மு. 58இலிருந்து எட்டு வருடம் அவர்களோடு போரிட்டு அவர்களுடைய நாட்டைப் பிடித்த சீசர். மனப்பாடம் பண்ணியவர்கள் செத்த பிறகு பிடித்தவரின் புத்தகம்தான் மிஞ்சியது. அவர்கள் பேசிய கால் மொழி கி.பி. 6ஆம் நூற்றாண்டு வாக்கில் ஒழிந்துபோனது. இன்றைய பிரெஞ்சு மொழியில் செம்மறியாட்டுக்கும் ஓக் மரத்துக்கும் கலப்பைக்கும் சொல்கிற சொற்களும் அவற்றைப் போலச் சிலவும்தான் அதில் மிச்சம். ஆடும் மரமும் கலப்பையும். உழுதவர்களின் வாயிலிருந்து போகாமல் ஒட்டிக்கொண்டவை.

இப்போது நம் மலைக்கு வாருங்கள். 1847இல் காங்ரீவ் என்ற வெள்ளைக்கார ராணுவ கேப்டன் நீலகிரியின் பழைய கல்லறைகளைப் பற்றி மதராஸ் இலக்கிய அறிவியல் இதழில் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். மலை உச்சிகளில் கிணறு போல வட்டமாகக் கல் அடுக்கிய அந்தக் கல்லறைகளையும் கல்வட்டங்களையும் பார்த்தவருக்கு, இவை துரூயிதுகளின் சின்னங்களைப் போல இருக்கின்றன, தோடர்கள் மத்திய ஆசியாவின் சித்தியர் வழி வந்தவர்கள் என்றெல்லாம் தோன்றியது. நீலகிரி மலையில் கெல்ட்டியரைத் தேடியிருக்கிறார். தோடர்கள் பேசுகிற மொழி தமிழோடும் மலையாளத்தோடும் ஒரே குடும்பத்தில் பிறந்தது. 1930களில் இங்கே வந்து உட்கார்ந்து கற்ற எமனோ போன்ற மொழியறிஞர்கள் அதை ஐயத்துக்கு இடமில்லாமல் காட்டிவிட்டார்கள். காங்ரீவின் சொந்த நாட்டிலேயே ஸ்டோன்ஹெஞ்ச் கல்வட்டம் துரூயிதுகளுக்கு இரண்டாயிரம் வருடங்களுக்கு முன்பே எழுந்தது என்பதும் பின்னால் தெரிந்தது. அங்கும் தப்பு, இங்கும் தப்பு.

ஆனால் அதே 1847ஐ இன்னொரு முறை பாருங்கள். கெல்ட்டிய மொழியை அப்போதும் வீட்டில் பேசிக்கொண்டிருந்த மக்கள் காங்ரீவின் நாட்டுக்குப் பக்கத்திலேயே உயிரோடு இருந்தார்கள். வேல்ஸ் நாட்டுப் பள்ளிகளைப் பார்வையிட்ட ஆங்கிலேய ஆணையர்கள் அந்த வருடம்தான் தங்கள் அறிக்கையை வெளியிட்டார்கள். வேல்ஷ் மொழி அந்த மக்களின் முன்னேற்றத்துக்கும் ஒழுக்கத்துக்கும் தடை என்று அதில் எழுதினார்கள். நீல அட்டை போட்ட அந்த அறிக்கையை வேல்ஷ் மக்கள் இன்றுவரை ‘நீலப் புத்தகங்களின் துரோகம்’ என்றுதான் சொல்கிறார்கள். அயர்லாந்தில் அது உருளைக்கிழங்குப் பஞ்சத்தின் மிகக் கொடிய வருடம். அந்தப் பஞ்சத்தில் செத்தவர்கள் ஏறக்குறைய பத்து லட்சம் பேர், ஐரிஷ் மொழி பேசிய ஏழைகளே அதிகம். செத்துப்போன கெல்ட்டியர் மீது அவ்வளவு பிரியம், கண்ணெதிரே இருந்த கெல்ட்டியரின் மொழியிடம் அவ்வளவு வெறுப்பு. இதை முதலில் படித்தபோது அந்தக் கண்காட்சியும் அந்தப் பையனும்தான் எனக்கு ஞாபகம் வந்தார்கள்.

இது வெள்ளைக்காரர்கள் செய்த தப்பு என்று நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. நம் வட்டாரத்தையே எடுத்துக்கொள்வோம். பணியர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள், கப்பல் உடைந்து மலபார்க் கரையில் ஒதுங்கியவர்களின் சந்ததி என்று இங்கிருந்த தோட்டத் துரைமார்கள் நம்பினார்கள். எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட ஏழு தொகுதி நூலில் இந்த நம்பிக்கையைக் குறிப்பிட்டு, ஆதாரமில்லை என்று தள்ளிவிட்டார். நூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆனாலும் ஆசிரியர் அறையிலேயே, டீ குடித்துக்கொண்டு, “அவங்க ஆப்பிரிக்காகாரங்க வழியாம்ல?” என்று கேட்ட குரல்களை நான் காதாரக் கேட்டிருக்கிறேன். நீங்களும் கேட்டிருப்பீர்கள். பணியரிடம் போய்க் கேட்டால், எங்கள் முன்னோர் இப்பிமலையில் இருந்தார்கள் என்று சொல்வார்கள். அந்த மலையிலிருந்து எப்படிப் பிடிபட்டார்கள், எப்படி அடிமையானார்கள் என்று கதையாகச் சொல்வார்கள். மானந்தவாடிக்குப் பக்கத்தில் வள்ளியூர்க்காவு திருவிழாவில் வருடா வருடம் அவர்களை ஒப்பந்தம் போட்டு வாங்கிப்போன பழக்கம் கட்டுக்கதையில்லை, அது நடந்தது. கொத்தடிமை முறையை ஒழிக்கிற மத்தியச் சட்டம் 1976இல்தான் வந்தது. அந்த நாட்களைக் கண்ணால் பார்த்தவர்கள் இன்னும் நம் பாடிகளிலும் காலனிகளிலும் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். துரைமார் கதை நமக்குத் தெரிகிறது, இப்பிமலைக் கதை எத்தனை பேருக்குத் தெரியும்?

தங்கத்தையும் சொல்ல வேண்டும், அது நம் பந்தலூரின் கதை. 1879இல் பிராவ் ஸ்மித் என்ற நிபுணர் ஆஸ்திரேலியாவிலிருந்து இங்கே வந்து வயநாட்டுத் தங்கத்தைப் பற்றி அறிக்கை கொடுத்தார். அடுத்த இரண்டு வருடத்தில் இங்கே தங்கம் எடுக்கவென்றே இங்கிலாந்தில் 33 கம்பெனிகள் தொடங்கி, நாற்பது லட்சம் பவுண்டுக்கு மேல் முதல் சேர்த்தார்கள். சில வருடங்களில் எல்லாம் இடிந்து விழுந்தது. தேவாலாவிலும் பந்தலூரிலும் இதை இன்றைக்கும் கதையாகப் பேசுகிறார்கள், யூடியூபிலும் பேசுகிறார்கள். ஆனால் அந்தக் கம்பெனிகள் வந்து பார்த்தபோதே மலையில் பழைய சுரங்கங்கள் இருந்தன. குறும்பர் சுரங்கம் என்றே வெள்ளைக்காரர்கள் அவற்றை அழைத்தார்கள். வெண்கல் பாறையின் நரம்பைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கி, கல்லை உடைத்துப் பாறைக்குழியில் இடித்து, மரத்தட்டில் அலசித் தங்கம் எடுத்தவர்கள் அவர்கள். ஹால்ஸ்டாட் உப்புச் சுரங்கத்தைப் படம் போட்டுக் காட்டுகிற நாம், சேரங்கோட்டிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் இருக்கிற பழங்காலச் சுரங்கத் தொழிலாளியைப் பற்றி ஒரு வரி சொல்லுவதில்லை. அவருடைய பேரப்பிள்ளைகள் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

கீழடியைப் பற்றி நீங்கள் நடத்துகிற பாடங்களை நான் கேட்டிருக்கிறேன். மனசு நிறைகிறது. 2023இல் அருங்காட்சியகம் திறந்ததும் சில பள்ளிகள் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போனதும் நல்ல விஷயம். அந்தப் பெருமிதத்தில் ஒரு பங்கை இந்த மலைக்கும் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன். நீலகிரியின் முதல் கமிஷனர் பிரீக்ஸ் கல்லறைகளைத் தோண்டி எடுத்தவை சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்திலும் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலும் இருக்கின்றன. எருமையும் மயிலும் யானையும் குதிரைவீரனும் மூடியில் நிற்கிற மண்பாண்டங்கள், வெண்கலக் கிண்ணங்கள், தங்கக் காதணிகள், இரும்பு அரிவாள்கள், ஈட்டிமுனைகள். பிரீக்ஸ் 1872இல் இறந்துபோக, அவர் மனைவி அந்தக் குறிப்புகளைச் சேர்த்து 1873இல் நூலாக்கினார். இந்த மலையில் ஆதிவாசிகளின் கையை விட்டுப் போகாத ஒரு வழக்கமும் அதில் பதிவாகியிருக்கிறது. குறும்பரும் இருளரும் தங்கள் வீட்டில் சாவு நடந்தால், ஆற்றில் உருண்டு வழுவழுப்பான ஒரு நீளக் கல்லை எடுத்துவந்து பழைய கல்திட்டை ஒன்றுக்குள் வைப்பார்கள். யாரோ முன்னால் கட்டிவிட்டுப்போன கல்வீட்டை, தங்கள் செத்தவர்களுக்கு இவர்கள் திறந்துவைத்தார்கள். கேப்டன் காங்ரீவ் அந்தக் கல்லில் துரூயிதைப் பார்த்தார், கல்லை வைத்தவரிடம் என்ன ஏது என்று உட்கார்ந்து கேட்டிருக்கலாம். அய்யன்கொல்லி வழியாக எல்லை தாண்டினால் அம்பலவயல், அங்கிருந்து எடக்கல் குகை. பாறை நெடுகப் புதிய கற்கால மனிதர்கள் கீறிய உருவங்கள், பின்னால் வந்தவர்கள் வெட்டிய தமிழ்ப் பிராமி எழுத்துகள். பஸ்ஸில் போய்ப் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடலாம்.

இனி நான் ஒத்துக்கொள்ள வேண்டிய ஒன்று. இதைச் சொல்லாமல் உங்களிடம் எதையும் கேட்க எனக்கு வாயில்லை.

சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 1964இல் கையெழுத்தானது. அதன்படி தாயகம் திரும்பி வந்த குடும்பம் எங்களுடையது. அப்பாவுக்கு டேன்டீ தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைத்து இந்த மலைக்கு வந்தோம். நான் பள்ளியில் சேர்ந்தபோது என் தமிழ் வேறு மாதிரி இருந்தது. “டீச்சர், எனக்கு விளங்கயில்ல” என்பேன், வகுப்பே சிரிக்கும். ஒருநாள் அந்த டீச்சர் என்னை எழுப்பி நிற்கவைத்து, “சிலோன்காரி, இன்னொரு தரம் சொல்லு, எல்லாரும் கேக்கட்டும்” என்றார். அதற்குப் பிறகு ஒரு வருடம் வகுப்பில் வாய் திறக்கவில்லை. அந்தச் சிரிப்பு எனக்கு இன்றைக்கும் காதில் கேட்கும்.

கேட்டும் திருந்தவில்லை. நான் ஆசிரியையான நான்காவது வருடம் என் வகுப்பில் ஒரு காட்டுநாயக்கர் பெண் பிள்ளை இருந்தாள். தேன் எடுக்கப் போகிற அப்பாவோடு காட்டில் திரிந்தவள், ஒவ்வொரு மரமும் அவளுக்குப் பேரோடு தெரியும். பாடத்தில் வந்த ஒரு மரத்தின் படத்தைக் காட்டிப் பெயர் கேட்டேன். அவள் தன் மொழியில் சொன்னாள். “அதெல்லாம் இங்க வேணாம், ஒழுங்கா தமிழ்ல சொல்லு” என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் தலையைக் குனிந்த விதம் எனக்குத் தெரிந்த விதம், நானே குனிந்த விதம். தெரிந்தும் அடுத்த பிள்ளையிடம் போனேன். முழு ஆண்டுப் பரீட்சைக்கு முன்னாலேயே அவள் வராமல் போனாள். ஆதிவாசிப் பிள்ளைகள் இடையில் நிற்பது சகஜம் என்று பதிவேட்டில் எழுதிவிட்டோம். அவள் சொன்ன அந்த மரத்தின் பெயர் எனக்கு இப்போது ஞாபகம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கமுடியவில்லை.

வேல்ஸ் பள்ளிகளில் 19ஆம் நூற்றாண்டில் ஒரு வழக்கம் இருந்தது. வேல்ஷ் பேசி மாட்டிக்கொண்ட பிள்ளையின் கழுத்தில் எழுத்துப் பொறித்த ஒரு மரத்துண்டைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவார்கள். இன்னொரு பிள்ளை வேல்ஷில் பேசினால் துண்டு அந்தக் கழுத்துக்குப் போகும். பள்ளி விடும்போது யார் கழுத்தில் இருக்கிறதோ அந்தப் பிள்ளைக்குப் பிரம்படி. செய்தவர்கள் பெரும்பாலும் வேல்ஷ் ஆசிரியர்கள், பிள்ளைகள் நன்றாக இருக்க வேண்டும் என்று நினைத்துத்தான் செய்தார்கள். நம் வகுப்புகளில் மரத்துண்டு கிடையாது. “ஒழுங்கா பேசு” என்கிற சொல் இருக்கிறது. அதை நான் கட்டியிருக்கிறேன்.

வேல்ஷ் மக்கள் அதோடு விட்டுவிடவில்லை என்பதையும் உங்களுக்குச் சொல்ல வேண்டும். வேல்ஷ் மொழியைப் பள்ளிக்குள் திரும்பக் கொண்டுவந்தார்கள். 2021 கணக்கெடுப்பில் வேல்ஸில் 5,38,000 பேர் அதைப் பேசத் தெரியும் என்று சொன்னார்கள். மேன் தீவின் கெல்ட்டிய மொழியைத் தாய்மொழியாகப் பேசிய கடைசி மனிதர் 1974இல் செத்துப்போனார். ஆனால் அவர் உயிரோடு இருந்தபோதே சிலர் போய் உட்கார்ந்து கேட்டு ஒலிநாடாவில் பதிந்துவைத்திருந்தார்கள். 2001இல் அந்தத் தீவில் அதே மொழியில் ஓர் ஆரம்பப் பள்ளி தொடங்கியது. கால் மொழிக்கு இந்த வாய்ப்பு அமையவில்லை, ஏனென்றால் யாரும் உட்கார்ந்து கேட்கவில்லை. நம் பக்கத்துப் பணிய மொழியும் காட்டுநாயக்கர் மொழியும் பெட்டக்குறும்பர் மொழியும் இன்றைக்கு நின்றுகொண்டிருக்கிற இடம் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோதான். வீட்டில் பாட்டி பேசுகிறாள், அம்மா பாதி பேசுகிறாள், பிள்ளை புரிந்துகொண்டு தமிழிலோ மலையாளத்திலோ பதில் சொல்கிறது. தமிழ்நாட்டில் அரிதாகிவரும் பழங்குடிகள் என்று அரசு தனியாகக் குறித்திருப்பது ஆறு சமூகங்களை. அந்த ஆறும் நம் நீலகிரி மாவட்டத்தில் இருக்கின்றன. ஆறும் சேர்ந்த இந்தப் பொறுப்பு வேறு மாவட்டத்து ஆசிரியர்களுக்குக் கிடையாது. நமக்குத்தான்.

சிலபஸ் முடிக்கவே நேரமில்லை, எமிஸ் பதிவு, ஆன்லைன் பயிற்சி, கணக்கெடுப்பு, இதில் இது வேறா என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. ஆசிரியர் இருவர் மட்டும் இருக்கிற பள்ளியில் ஐந்து வகுப்பையும் நானும் பார்த்திருக்கிறேன். அதனால் பெரிதாக எதையும் கேட்கமாட்டேன். முடியாது என்றும் சொல்லாதீர்கள். கூடலூரில் வித்யோதயா பள்ளி 1990களிலிருந்து ஆதிவாசிப் பிள்ளைகளுக்கு அவர்கள் பாட்டையும் கதையையும் கைவேலையையும் சேர்த்தே பாடம் நடத்திவருகிறது. போய்ப் பார்த்தவர்கள் உங்களிலேயே இருக்கிறார்கள்.

நான் கேட்பது ஒரு நோட்டு. ஒவ்வொரு பள்ளிக்கும் ஒன்று, இருநூறு பக்கம் கோடு போட்டது போதும். வரும் ஜூனில் பள்ளி திறந்ததும், வாரத்தில் ஒரே ஒரு பாடவேளை, வெள்ளிக்கிழமை கடைசி பீரியடாக இருந்தாலும் பரவாயில்லை, பக்கத்துக் காலனியிலிருந்து வயதான ஒருவரை அழைத்து வாருங்கள். வரச் சொல்லி ஆள் அனுப்பாதீர்கள், நீங்களே போய்க் கூப்பிடுங்கள். அன்றைக்கு அவருடைய கூலி போகும், அதைப் பள்ளி கொடுக்க வேண்டும், பி.டி.ஏ. பணத்தில் அதற்கு இடமிருக்கிறது. நாற்காலி போட்டு உட்காரவையுங்கள். சுவர் எப்படி வைப்பது, தேன் எந்த மாதத்தில் எந்தப் பாறையில் இருக்கும், துடிப்பறையை எந்த மரத்தில் குடைவது, யார் செத்தால் யார் பாடுவது, அய்யன்கொல்லியில் இருக்கிற ‘கொல்லி’ எதைக் குறிக்கிறது என்று பிள்ளைகள் கேட்கட்டும். அவர் தன் மொழியில் சொல்லட்டும். அந்த மொழி தெரிந்த பிள்ளை எழுந்து நின்று மற்றவர்களுக்கு மொழிபெயர்க்கட்டும். வருடம் முழுக்கப் பின்பெஞ்சில் உட்காருகிற பிள்ளை அன்றைக்கு ஆசிரியராக நிற்கும். சொன்னதைச் சொன்ன மொழியிலேயே தமிழ் எழுத்தில் நோட்டில் எழுதுங்கள், சொன்னவர் பெயரையும் தேதியையும் அடியில் போடுங்கள். சொல்ல விரும்பாததைக் கேட்காதீர்கள். சாமி விஷயம், மருந்து விஷயம் அவர்களுடையது. நோட்டை வெளியாருக்கோ ஆராய்ச்சிக்கு வருகிறவர்களுக்கோ கொடுப்பதாக இருந்தால் அந்தக் காலனியிடம் கேட்டுவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். இங்கிருந்து எடுத்துப்போனது போதும்.

கூடவே ஒன்று. தேயிலைக்குக் குழி வெட்டும்போதோ வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போதோ கல்வட்டமோ பானை ஓடோ தட்டுப்பட்டால், புதையல் என்று கிளறாமல் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லச் சொல்லிப் பிள்ளைகளுக்குப் பழக்குங்கள். பிள்ளை வீட்டில் போய்ச் சொன்னால் அப்பன் கேட்பான்.

கெல்ட்டியரைப் பாடத்திலிருந்து எடுக்கச் சொல்லவில்லை. அந்த வட்ட வீட்டை அடுத்த வருடமும் செய்யுங்கள். அந்தப் பையன் இப்போது ஏழாம் வகுப்பு. சுவர் பூசுகிற வேலையை அவனிடமும் அவன் தாத்தாவிடமும் கொடுங்கள். பக்கத்திலேயே அவர்கள் வீட்டையும் ஒன்று கட்டச் சொல்லுங்கள். இரண்டுக்கும் ஒரே அளவு அட்டையில், ஒரே எழுத்தில் பெயர் எழுதி வையுங்கள்.

முதல் நோட்டைத் தொடங்குகிற பள்ளிக்கு நான் வந்து ஒரு மூலையில் உட்கார்ந்து எழுதித் தருகிறேன், என் கையெழுத்து இன்னும் நன்றாகவே இருக்கிறது. கொளப்பள்ளி பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் சொல்லிவைத்தால் போதும், எனக்குத் தகவல் வந்துவிடும். அந்தக் காட்டுநாயக்கர் பெண்ணுக்கு இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கலாம். உங்கள் பள்ளி ஒன்றில் அவர்களில் யாராவது படித்தால், அவளையே முதலில் அழையுங்கள். அந்த மரத்தின் பெயரை நானே அவளிடம் கேட்டு எழுதிக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்களில் ஒருத்தியாக இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை,
சேரங்கோடு.